நாரை தென்படும் வரை

பிப்ரவரி 27, புக்கரெஸ்ட்

காருக்குள் ஆளுக்கு ஒரு வேலை என்று முடிவாகிவிட்டது. சிபி வண்டி ஓட்டுவான். அன்னக்கொடி வழி சொல்வாள், அறை பிடிப்பாள், எல்லோரையும் அதட்டுவாள். அவள் கணவன் அமலனுக்குச் சாப்பாட்டுத் துறை. எனக்கென்று வேலை எதுவும் மிஞ்சாததால், மங்கை நடப்பதை எழுதி வைக்கட்டும் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் ஒருவருக்கும் படிக்கக் கொடுக்க மாட்டேன்.

நான்கு பேருக்கும் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. நவம்பரிலிருந்து சாம்பல் நிற வானத்தைப் பார்த்துப் பார்த்து மூஞ்சியே சாம்பலாகிவிட்டது. பால்கன் பக்கம் வசந்தம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்று அன்னம் எங்கோ படித்தாள். ருமேனியாவில் காரை எடுத்து, பல்கேரியாவைக் கடந்து, வடக்கு மாசிடோனியாவில் ஓரிட் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். வாடகைக் கார் எலுமிச்சை ஊறுகாய் நிறத்தில் இருக்கிறது. ரேடியோவில் ஒரே ஒரு நிலையம்தான் வருகிறது. அதில் இருபத்துநாலு மணி நேரமும் யாரோ ஒருவர் அக்கார்டியன் வாசிக்கிறார்.

ஒரு விஷயத்தை முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. சிபிக்கு ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த மார்ச் கடைசியில் போகிறான். போன மாதம் என் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், கல்யாணம் பண்ணிக்கொண்டு நீயும் வருகிறாயா என்று கேட்டான். இந்த முப்பத்துநாலு வயதுக்குள் என்னைப் பெண் கேட்டவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்கள். கையில் கிரீஸோடு கேட்டவன் இவன் ஒருவன்தான். ஓரிட் ஏரிக்கரையில் பதில் சொல்கிறேன் என்றேன். வரைபடத்தில் அதுதான் ஆகக் கடைசியில் இருந்தது. சரி என்றான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதி. கொஞ்சம் எரிச்சலும்தான்.

பிப்ரவரி 28, வெலிகோ தர்னோவோ

டான்யூப் நதியைப் பாலத்தில் கடந்து பல்கேரியாவுக்குள் வந்தோம். நடுப்பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று அன்னம் அடம் பிடித்தாள். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் அதற்கு எதிராக வாக்களித்தன.

அமலன் தூத்துக்குடிக்காரன். தவக்காலம் என்பதால் ஈஸ்டர் வரை கறி மீன் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறான். கறிக்குப் பேர்போன ஊருக்கு இந்த நேரத்தில் வரச் சம்மதித்தவனை என்ன சொல்வது. மதியம் நாங்கள் மூன்று பேரும் கணப்பில் சுட்ட கறியை உள்ளே தள்ள, அவன் வெள்ளரிக்காய் போட்ட தயிர் சூப்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே எங்கள் தட்டுகளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஜெபம் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 1, வெலிகோ தர்னோவோ

ஒரு காரியம் நடந்துவிட்டது.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி தெசிஸ்லாவா. நாற்பது வயதிருக்கும், எப்போதும் டிராக் சூட், எப்போதும் அவசரம். காலையில் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகும் ஓட்டத்தில் எங்கள் கதவைத் தட்டி, நான்கு பேர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டிவிட்டாள். மார்ச் முதல் தேதி இங்கே எல்லோரும் எல்லோருக்கும் கட்டுவார்களாம். முதல் நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும் வரை கழற்றக்கூடாது. பார்த்த பிறகு அவிழ்த்து ஒரு மரக்கிளையில் கட்டிவிட வேண்டும். சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அன்னம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அச்சு அசல் காப்பு மாதிரியே இருக்கிறது என்றாள். அந்த நேரம் பார்த்து சிபி வரைபடத்தை விரித்தான். நாளைக்கு சோஃபியா, மறுநாள் எல்லை, அதற்கு மறுநாள் ஓரிட்.

"காப்புக் கட்டியாச்சு. இனி எல்லை தாண்டக்கூடாது," என்றேன்.

அது எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் கரூரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், காப்பு அவிழ்க்கும் வரை கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். பெரியப்பா ஒரு தடவை பல் வலியோடு அத்தனை நாளும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஈரோடு டாக்டரிடம் போகாமல். ஆனால் நான் கோயிலில் செருப்பு விடும் இடம் வரைக்கும் மட்டுமே போகிற ஆள்.

"ஏ மங்கை, நீ பெரிய பகுத்தறிவுல்லா? கார்த்திகைக்கு அன்னம் வெளக்கு ஏத்துனதுக்கே வீட்டுல வந்து ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுன," என்றான் அமலன்.

நம்பிக்கை வேறு, மரியாதை வேறு என்றேன். கட்டியவள் மனசு நோகக்கூடாது என்றேன். மரபு, மண் என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லை என்றால் எது என்று விவாதம் வந்தது. அமலன் இந்தத் தெருமுனை என்றான். அன்னம் நாட்டாமையாகி, நாட்டின் எல்லைதான் எல்லை, நாரையோ பூவோ கண்ணில் படும் வரை பல்கேரியாவுக்குள் எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம் என்று தீர்ப்புச் சொன்னாள். சிபி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அவன் ஊர் கோபிச்செட்டிபாளையம்.

"கோபிலயும் அப்படித்தான். தாண்ட மாட்டாங்க," என்று வரைபடத்தை மடித்தான்.

என் பக்கம் பேசினான். ஏனென்று தெரியவில்லை. காலநிலைப்படி நாரைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று இணையத்தில் பார்த்து வைத்தேன், சும்மா ஒரு தகவலுக்காக.

மார்ச் 2, வெலிகோ தர்னோவோ

அன்னக்கொடியின் சொந்த ஊர் தேனிப் பக்கம். அங்கேயும் காப்பு உண்டு, அதற்கு விதிகளும் உண்டு. காப்பு விதியைப் பேச்சுக்கு இழுத்தவள் நீ, அதனால் எல்லாம் உனக்குத்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கறி கிடையாது. கட்டிலில் படுக்கக்கூடாது, தரையில் பாய். காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குளியல்.

"இங்க மூணு டிகிரிடி," என்றேன்.

"மரியாதைன்ட்டு நீதான சொன்ன? மரியாதைக்கு வெந்நி கெடையாது."

இன்று எல்லோரையும்விட மகிழ்ச்சியான ஆள் அமலன். துணைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதே. தக்காளி, வெள்ளரிக்காய், மேலே துருவிய வெள்ளைச் சீஸ் என்று ஒரு தட்டை நிரப்பி என் முன்னால் வைத்து, பரலோகத்தில் நமக்கு ஒரே மேஜை என்றான். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் காப்புக் கட்டியிருக்கும்போது சண்டையும் கூடாதாம்.

மார்ச் 3, வெலிகோ தர்னோவோ

தேசிய விடுமுறை. ஊரெங்கும் கொடி, ஊரெங்கும் கறி சுடும் வாசனை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன், தரையில்.

மார்ச் 4, கசான்லக்

ஷிப்கா கணவாயில் முழங்கால் அளவுப் பனி. கீழே இறங்கினால் ரோஜாத் தோட்டங்கள், எல்லாம் வெறும் குச்சி. மின் கம்பங்களின் உச்சியில் நாரைக்கூடுகள் பெரிது பெரிதாக இருக்கின்றன. எல்லாம் காலி.

சிபி ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இறங்கி நாரையைப் பற்றி விசாரிக்கிறான். அவனுக்கு பல்கேரிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் மூக்குக்கு நேராக நீட்டித் திறந்து மூடி அலகு காட்டுகிறான். மூன்றாவது பங்கில் அந்த ஆள் ரொம்ப அக்கறையாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இடுப்பு வலிக்குத் தடவும் களிம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அன்னம் சிரித்துச் சிரித்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் விஷயம் புரிந்ததும் அந்த மனிதரும் ஒற்றைக் காலில் நின்று, எதிரெதிரே இரண்டு பேரும் அலகு காட்டிக்கொண்டார்கள். காப்பிக்குக் காசு வாங்கவில்லை. சிபி அந்தக் களிம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மாலையில் துணி துவைக்கும் கடையில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது அன்னம் நேராகக் கேட்டாள்.

"ஏண்டி, அவனப் பிடிக்கலயா?"

பிடிக்கவில்லை என்று யார் சொன்னது என்றேன். அப்புறம் என்னதான் என்றாள். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அப்பாவுக்கு வங்கி வேலை, சில வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றல். ஒவ்வொரு தடவையும் அம்மா அட்டைப்பெட்டி கட்டுவாள். புது ஊரில் பால்காரர், ரேஷன், பள்ளிக்கூடம் என்று முதலிலிருந்து தொடங்குவாள். எல்லாம் பழகி முடித்ததும் மறுபடி பெட்டி. அம்மாவுக்கு ஒரு காலத்தில் கரூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை இருந்தது என்பதே நான் கல்லூரி போன பிறகுதான் எனக்குத் தெரியும். அவளே அதை மறந்துபோன மாதிரி சொன்னாள். ஒருத்தன் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த முடிவை எடுக்கும்போது இந்தக் களிம்புக்காரனை எனக்குத் தெரியாது.

அன்னம் சாக்ஸுகளுக்கு ஜோடி தேடினாள்.

மார்ச் 5, பிளோவ்திவ் தாண்டி

சோஃபியா சாலையில் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில். அன்னம் தூங்கிவிட்டாள். அமலன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். முன் இருக்கையில் நான். இடதுபக்கம் தண்ணீர் தேங்கிய வயலில் வெள்ளையாக ஏதோ நின்றது. பிளாஸ்டிக் சாக்காக இருக்கலாம். சாக்குக்குச் சிவப்புக் கால் இருக்குமா என்று கேட்டால், பல்கேரியச் சாக்குகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்.

தண்ணீர் வேண்டுமா என்று சிபியைக் கேட்டேன். வேண்டாம் என்றான்.

அடுத்த கூட்டுரோட்டில் நேராகப் போக வேண்டியவன் இடதுபக்கம், மலைப்பாதையில் திருப்பிவிட்டான். அன்னம் விழித்து ஏன் என்று கத்தினாள். இந்தச் சாலை நன்றாக இருக்கிறது என்றான். முழுக்கக் குழி.

மார்ச் 6, ரோடோபி மலை

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை, இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

மலையில் ஒரு வளைவில் ஆட்டுக்கூட்டம் சாலையை மறித்தது. ஆடுகளுக்கு வழிவிட சிபி ஓரம் கட்டினான், ஓரம் என்று நினைத்தது பனிச்சேறு. வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மூன்று பேர் தள்ளினோம். சக்கரம் சுற்றிய வேகத்தில் அமலன் தலைமுதல் கால்வரை சேறாகி, கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஆடுகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. ரேடியோவில் அக்கார்டியன் நிற்கவில்லை. அதற்கு ஏற்றபடி அன்னம் ஏலேலோ போட, நாங்கள் ஐலசா சொல்லித் தள்ள, வண்டி வெளியே வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தோம், ஆட்டுக்காரர் வந்து அவரும் ஒன்று எறிந்தார். சிபியின் சட்டைக் காலருக்குள் நான் போட்ட பனி முதுகு வழியே இறங்கியபோது அவன் போட்ட சத்தத்தை மாசிடோனியாவிலேயே கேட்டிருப்பார்கள். அந்தச் சேற்றுக்குப் பிறகு வண்டி கிளம்ப மக்கர் பண்ணுகிறது. போகட்டும்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதைத் தனி வரியாக எழுத வேண்டும் போலிருந்தது.

அறைக்கு வந்ததும் எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. தரையில் படுத்ததன் பலன். மிளகுத் தண்ணீர் கொண்டுவந்த அமலன் ஒன்றைச் சொன்னான். சிபியும் முதல் நாளிலிருந்து தரையில்தான் படுக்கிறானாம். கேட்டால் தனக்கும் காப்புக் கட்டியிருக்கிறதே என்கிறானாம். யோசித்துப் பார்த்தால், தெசிஸ்லாவா நூல் கட்டிய பிறகு அவன் தட்டிலும் கறியைப் பார்த்த ஞாபகம் இல்லை. இத்தனை நாள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், கவனிக்கவில்லை.

மார்ச் 7, மெல்நிக்

தென்மேற்கு மூலை, வெதுவெதுப்பான ஊர். இதற்கு மேல் பல்கேரியாவில் போக இடமில்லை, அந்தப் பக்கம் மாசிடோனியா. சளியைச் சாக்கு வைத்து, துப்பட்டாவை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்கினேன். வழியில் எதுவும் என் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதற்காக அல்ல, வெயிலில் கண் கூசியது.

வண்டி நின்றது. திறந்திருந்த ஜன்னல் வழியாக என்னவோ என் மேல் விழுந்துகொண்டே இருந்தது. துப்பட்டாவை விலக்கினால் மடி நிறைய வெள்ளை இதழ்கள். மலைச்சரிவு முழுக்க வாதுமை மரங்கள், ஒன்றுவிடாமல் எல்லாம் பூத்துக்கிடந்தன. ஒரே ஒரு மரமாக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

அன்னமும் அமலனும் குழந்தைகள் மாதிரி ஓடினார்கள். நூலை அவிழ்த்துக் கிளையில் கட்டினார்கள், படம் எடுத்தார்கள், இன்னும் மேலே ஏறிப் போனார்கள். சிபி தன் நூலைக் கட்டிவிட்டு வந்தான். நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு வயல்ல நாரய நீ பாத்தே," என்றான். "நீ பாத்தத நான் பாத்தேன்."

நூலைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்தேன்.

"உனக்கு இன்னுங் கொஞ்சம் நேரம் வேணும்னு தெரிஞ்சுது. அதான் மலைப்பக்கம் திருப்புனேன். ஆனா மங்கை, வேண்டாம்னா வேண்டாம்னு இங்கயே சொல்லிரு. அதச் சொல்றதுக்கு ஓரிட் வரைக்கும் வரோணும்னு இல்ல. இப்படியே சோஃபியாவுக்குத் திருப்பிக்கலாம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவன் ஒன்றும் நினைக்கமாட்டான் என்பது பொய். முகத்திலேயே தெரிந்தது. மூக்கடைத்திருக்கிறது, நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். முப்பத்துநாலு வயதுப் பெண், மூக்கடைப்பு என்று சொல்லித் தப்பிக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபமாக வருகிறது. நூலை இன்னும் அவிழ்க்கவில்லை.

மார்ச் 8, ஸ்ட்ரூமிட்சா, வடக்கு மாசிடோனியா

காலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சிபி வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் ஊர் முனையில் நிறுத்தினான். எல்லைக்குப் போ என்றேன்.

சோதனைச்சாவடியில் லாரி வரிசை நீளமாக இருந்தது. பல்கேரிய அதிகாரி இளைஞன், தூக்கக் கலக்கத்தோடு பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினான். அவன் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல். என் கையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. நாரை பார்த்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டான். இந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் தனக்கு எதுவும் கண்ணில் படவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டான்.

"பார்த்தேன்," என்றேன். "பிளோவ்திவ் பக்கத்தில். ஐந்தாம் தேதியே."

பின் இருக்கையிலிருந்து அன்னம் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அடிப்பாவி. அம்புட்டு நாளும் என்னைய நாரைக்காகக் கம்பம் கம்பமா அண்ணாந்து பாக்க வச்ச."

பார்த்துவிட்டால் வைத்திருக்கக்கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொன்னான். சிபி முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டினான். நானே பல்லால் கடித்து அவிழ்த்தேன். இங்கே மரம் எதுவும் இல்லையே என்றதும், தன் வீட்டு வாசலில் ஒரு செர்ரி இருக்கிறது, அதில் கட்டிவிடுகிறேன் என்று அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முத்திரை குத்தி நான்கு பாஸ்போர்ட்டையும் கொடுத்தான். வண்டி நகர்ந்தது. அந்த நாட்டுச் சாவடிக்கும் இந்த நாட்டுச் சாவடிக்கும் நடுவில் ஒரு வெற்றுச் சாலை. அதில் பாதி தூரம் போனதும் சொன்னேன்.

"சிபி, நான் உன் பின்னால வரமாட்டேன்."

அவன் கால் கிளட்சிலிருந்து வழுக்கியது. வண்டி குலுங்கி நின்று, அணைந்தே போனது. ரேடியோவும் நின்றது. அமலன் அந்தோனியாரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

"பின்னால வரமாட்டேன். நானும் வர்றேன். அங்க எனக்குன்னு ஒரு வேலை தேடி, அது கெடச்சதுக்கப்பறம் வர்றேன். ஆறு மாசமாகும். ஒரு வருசங்கூட ஆகும். அதுவரைக்கும் நீ அங்க தனியாத்தான் இருக்கோணும். எனக்குப் பயமா இருக்கு, ஆனா நீ இல்லாம எனக்கு ஆகாது. இதுதான் பதில். ஏரி வரைக்கும் தாங்காது, அதான் இங்கயே சொல்லிட்டேன்."

சிபி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டும்தான்.

"ஒரு நாரைக்கே இத்தன தூரம் சுத்துனேன்," என்றான். "நீ மெதுவா வா."

சாவியைத் திருகினான். வண்டி இருமியது, கிளம்பவில்லை. பின்னால் ஒரு துருக்கி லாரி ஹார்ன் அடித்தது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் இரண்டு பக்கத்திலிருந்தும் கூண்டைவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழி இல்லை. அன்னமும் அமலனும் பின்னால் போனார்கள். சிபி தன் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தான். நான் இந்தப் பக்கக் கதவைத் திறந்து தோளைக் கொடுத்தேன். உள்ளே இரண்டு இருக்கைகளும் காலியாக இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து அவன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான், நானும் காட்டினேன். அப்படியே தள்ளிக்கொண்டு போய், எல்லையை நடந்தே தாண்டினோம்.